அல்ட்ராசோனிக் கத்தி டியூராவை வெட்டவே வெட்டாதாம்!

டிரில்கை:
நேத்து ஒருத்தர் "அல்ட்ராசோனிக் கத்தி எலும்ப மட்டும்தான் வெட்டும், டியூரா (தண்டுவடத்த மூடியிருக்கற உறை) மேல பட்டாலும் ஒண்ணும் ஆகாது"னு எழுதிட்டுப் போயிருக்காரு. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. 18 வருஷமா லாமினெக்டமி, அதாவது முதுகெலும்போட பின்பக்க வளைவான லாமினாவ எடுக்கற ஆபரேஷன் பண்றேன், அந்தக் கத்தி பட்டு டியூரா கிழிஞ்சு தண்டுவட நீர் பளிங்கு மாதிரி ஊறி வந்தத கண்ணால பாத்திருக்கேன். வெட்டாதுன்னா அது என்ன?

அலைவரிசை:
எழுதினது நான்தான் சார். அந்த பிளேடு சுத்தாது, செகண்டுக்கு 22,500 தடவை முன்னும் பின்னும் அதிரும், எலும்பு விறைப்பா நிக்கறதால நொறுங்குது, டியூரா வளைஞ்சு கொடுத்து அதிர்வ வாங்கிக்குது, அவ்ளோதான். உங்க டிரில்லு நிமிஷத்துக்கு 60,000 சுத்து சுத்தும்போது பக்கத்துல இருக்கற காட்டன் பேட்டி (நூல் கட்டின சின்ன பஞ்சுத் துண்டு) நூல் மாட்டினா போச்சு, பஞ்சோட சேத்து சுருட்டி இழுத்துடும்.

டிரில்கை:
பஞ்ச விடுங்க, டியூராவ வெட்டுமா வெட்டாதா? வளைஞ்சு கொடுக்க இடம் வேணும்ல! லாமினாக்கள இணைக்கற மஞ்சள் லிகமெண்ட் எலும்பாவே மாறி டியூராவோட ஒட்டிக்கிட்டு இருக்கற கேஸ்ல எங்கய்யா வளையும்? நீங்க கேஸ் பாத்து எழுதறீங்களா, விளம்பரம் பாத்து எழுதறீங்களா?

அலைவரிசை:
விளம்பரம்னு சொல்ற வேலை வேணாம். எலும்போட உள்பக்க அடுக்க தாண்டுறப்ப கைக்கு ஒரு சின்ன சறுக்கல் தெரியும், அங்கயே நிறுத்தணும். நிறுத்தத் தெரியாதவங்க கத்தியக் குறை சொல்லுவாங்க.

டிரில்கை:
ஓ, இப்ப "நிறுத்தணும்"! பட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்கு நிறுத்தணும்?

தியேட்டர்_சிஸ்டர்:
ரெண்டு பேரும் சூட்ட தணிக்க விடற தண்ணிய மறந்துட்டீங்க. ஒரு தடவை சலைன் டியூப் மடங்கி நின்னுபோச்சு, பிளேடு நின்ன இடத்துல எலும்பு பழுப்பாகி கருகின வாடை வந்துச்சு, நான்தான் சத்தம் போட்டு நிறுத்தினேன். 47 டிகிரி சூடு ஒரு நிமிஷம் நின்னாலே எலும்பு செத்துடும், பக்கத்துல இருக்கற நரம்பு என்ன ஆகும்?

டிரில்கை:
சிஸ்டர் சரியாச் சொன்னாங்க, அப்ப டியூராவுக்கும் ஆபத்துதான்.

தியேட்டர்_சிஸ்டர்:
டாக்டர், டிரில்லுக்கும் அதே தண்ணிதான், நான் உங்க பக்கம் பேசல.

கெரிசன்_பக்தன்:
இதுக்கா சண்டை? 2 மில்லிமீட்டர் கெரிசன் பஞ்ச் (எலும்ப கொஞ்சம் கொஞ்சமா கடிச்சு எடுக்கற கைக்கருவி) எடு, அதோட பாதத்த லாமினாவுக்கு அடியில நுழை, கடி, முடிஞ்சுது. கரண்டும் வேணாம் தண்ணியும் வேணாம்.

அலைவரிசை:
அதே பாதம்தான் டியூரா மடிப்பையும் சேத்துக் கடிக்கும் அண்ணே. போன மாசம் ஸ்க்ரூ விவாதத்துல பாதியில ஓடினவரு நீங்க.

கெரிசன்_பக்தன்:
ஓடல, எமர்ஜென்சி கேஸ் வந்துச்சு! அதையே எத்தன தடவ சொல்லிக் காட்டுவ?

புது_ரெசிடெண்ட்:
சார், வெட்டுறதுனு சொல்றது அறுபடறதா, அழுத்தத்துல கிழியறதா, சூட்டுல பொசுங்கறதா? அத முதல்ல...

டிரில்கை:
தம்பி, டியூராவுல ஓட்டை விழுந்தா அத உக்காந்து தைக்கறவன் நான், எனக்கு எல்லாம் ஒண்ணுதான். அலைவரிசை, "ஒண்ணும் ஆகாது"ங்கற வரிய எடுங்க.

அலைவரிசை:
எடுக்க மாட்டேன். டிரில்ல விட ஆபத்து கம்மிதான். லாமினாவ முழுசா எடுத்து திரும்பப் பொருத்தலாம், உங்க டிரில்லு அத மாவாக்கி சக்‌ஷன்ல அனுப்பிடும்.

டிரில்கை:
கம்மியா? நேத்து "ஒண்ணும் ஆகாது", இன்னிக்கு "கம்மி"! வரிய எடுங்க, அப்புறம் மாவப் பத்தி பேசலாம்.

கெரிசன்_பக்தன்:
அந்த ஸ்க்ரூ விவாதத்த இப்பவே திறக்கறேன், அலைவரிசை அங்க வரட்டும்.