8 இன்ச் டாப்சோனியனில் சூப்பர்நோவா கண்டுபிடிக்க முடியுமா?

தேனி_மாடி:
வணக்கம். என்னிடம் 8 இன்ச் டாப்சோனியன் (கையால் திருப்பிப் பார்க்கும் எளிய தொலைநோக்கி) இருக்கிறது. போடி பக்கம் வீடு, மொட்டை மாடியில் நல்ல இருட்டு. வியாழன், சனி, ஓரியன் நெபுலா எல்லாம் பார்த்தாயிற்று. எம் 51, எம் 104 கேலக்ஸிகள் வரை தேடிப் பிடித்துவிட்டேன். இனி சும்மா பார்ப்பதோடு நிற்காமல் உருப்படியாக ஒரு வேலை செய்ய ஆசை. தூரத்து கேலக்ஸியில் ஒரு நட்சத்திரம் வெடித்துப் பிரகாசிக்கும் சூப்பர்நோவாவை இதில் கண்டுபிடிக்க முடியுமா? ரோபோ தொலைநோக்கிகள் வானம் முழுக்க அலசும்போது நமக்கு ஏதாவது மிஞ்சுமா?

இரவுக்காவல்:
மிஞ்சும் தம்பி. ஆனால் வெறும் கண்ணை ஐபீஸில் வைத்துக் கண்டுபிடிப்பது இன்று ரொம்பக் கடினம். அதில் ராபர்ட் எவன்ஸ் ஒரு அதிசயம். ஆஸ்திரேலியாவின் ப்ளூ மவுண்டன்ஸ் பகுதியில் பாதிரியாராக இருந்தவர். கண்ணால் பார்த்தே 42 சூப்பர்நோவா கண்டுபிடித்தார். ஒவ்வொரு கேலக்ஸியைச் சுற்றியும் எந்த நட்சத்திரம் எங்கே என்பது அவருக்கு மனப்பாடம். தெருவில் எல்லாரையும் தெரிந்த தபால்காரர் கண்ணில் புது முகம் படுவது மாதிரி, புதுப் புள்ளி உடனே பட்டுவிடும்.

கணக்கைப் பாருங்கள். கன்னிக் கூட்டம் என்ற கேலக்ஸிக் கூட்டம் சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தூரம். அங்கே ஒன்று-ஏ என்ற மிகப் பிரகாசமான வகை சூப்பர்நோவா ஒன்று உச்சத்தில் 12 மேக்னிடியூட் வரை வரும் (மேக்னிடியூட் என்பது பிரகாச அளவு; எண் கூடக் கூட மங்கல்). உங்கள் 8 இன்ச்சில் தாராளமாகத் தெரியும். ஆனால் அது 17, 18 மேக்னிடியூடில் இருக்கும்போதே கலிஃபோர்னியாவின் பாலோமார், அட்லஸ் போன்ற ரோபோ தேடல்கள் பிடித்துவிடும். அதனால் ட்ராக்கிங் மவுண்டும் (வானம் நகர்வதற்கேற்பத் தொலைநோக்கியைத் தானே திருப்பும் தாங்கி) கேமராவும் வேண்டும். அவை இருந்தால் இதே 8 இன்ச் சில நிமிடங்களில் 17 வரை எட்டும். ஆசாஸ்-எஸ்என் என்ற பெரிய தேடலே 14 சென்டிமீட்டர் லென்ஸ்களை வைத்துத்தான் நடக்கிறது!

எனக்கு எப்போதும் தெம்பு தருவது விக்டர் புசோவின் கதை. அர்ஜென்டினாவின் ரொசாரியோ ஊர்க்காரர், பூட்டு-சாவி வேலை செய்பவர். வீட்டு மாடியில் 40 சென்டிமீட்டர் தொலைநோக்கி. 2016 செப்டம்பர் 20 இரவு, புதுக் கேமராவைச் சோதிக்க என்ஜிசி 613 என்ற கேலக்ஸியைச் சின்னச் சின்ன எக்ஸ்போஷராக எடுத்துக்கொண்டிருந்தார். முதல் வரிசைப் படங்களில் அந்த இடம் வெறுமை. கொஞ்சம் இடைவெளி விட்டு எடுத்தவற்றில் ஒரு புள்ளி, அதுவும் நிமிடத்துக்கு நிமிடம் பிரகாசம் கூடிக்கொண்டே. வெடிப்பின் அதிர்ச்சி அலை நட்சத்திரத்தின் மேற்பரப்பைப் பிளந்து வெளிவரும் கணம் அது. எந்தப் பெரிய தொலைநோக்கியும் அப்போது அந்தப் பக்கம் பார்க்கவில்லை. 2018-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரும் உண்டு.

2023 மே 19-ல் எம் 101 கேலக்ஸியில் வந்த சூப்பர்நோவாவையும் முதலில் அறிவித்தவர் ஜப்பானின் யமகதாவைச் சேர்ந்த இதாகாகி என்ற அமெச்சூர்தான். கலிஃபோர்னியாவில் பகலாக இருக்கும்போது ஆசியாவில் இரவு. அந்தச் சில மணி நேரம் நமக்கும் கிடைக்கிறது.

செல்வி_வானம்:
அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புதுப் புள்ளி தெரிந்தவுடன் எங்கும் அறிவித்துவிடாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுங்கள். நகர்ந்திருந்தால் அது சிறுகோள். அதே இடத்தில் நின்றால் பழைய வானப் பதிவுப் படங்களோடு ஒப்பிடுங்கள். கேமராவின் ஹாட் பிக்சல் (பழுதாகி எப்போதும் ஒளிரும் புள்ளி), கேலக்ஸிக் கரத்தில் இருக்கும் பிரகாசமான வாயு முடிச்சு, இவையெல்லாம் ஏமாற்றும். அதன் பிறகுதான் டிஎன்எஸ் தளத்தில், அதாவது புதுக் கண்டுபிடிப்புகளை அறிவிக்கும் உலகப் பொதுத் தளத்தில், பதிவு. அது சூப்பர்நோவாதானா என்பதை நிறமாலை (ஒளியை நிறங்களாகப் பிரித்த பதிவு) எடுத்துப் பெரிய தொலைநோக்கிகள் உறுதி செய்யும். லடாக்கின் ஹான்லேயில் இருக்கும் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியும் அப்படிப்பட்ட வேலை செய்கிறது.

தேனி_மாடி:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. மவுண்டுக்குக் காசு சேர்க்க ஆரம்பிக்கிறேன். எந்த கேலக்ஸியில் தொடங்கலாம்?

இரவுக்காவல்:
எம் 61. 1926-லிருந்து 2020 வரை அதில் மட்டும் 8 சூப்பர்நோவா வந்திருக்கிறது. தேனியிலிருந்து மார்ச், ஏப்ரலில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே போகும். எம் 82 மாதிரி வடக்கில் தாழ்வாக வருவதை இப்போதைக்கு விடுங்கள். மவுண்ட் வரும்வரை டாப்சோனியனிலேயே எம் 61-ஐச் சுற்றியுள்ள நட்சத்திரங்களைப் பார்த்துப் பென்சிலால் வரைந்து பழகுங்கள். வரைந்ததை இங்கே போடுங்கள், என்னிடம் இருக்கும் படங்களோடு வைத்துப் பார்த்துவிடலாம்.