‘சரசம்’ என்று எழுதலாமா?

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வாழ்த்துமடல் எழுதுகிறேன். ஒரு சொல்லில் தடுமாறி நிற்கிறேன், உதவுங்கள்.

அம்மா வெங்காயம் நறுக்கும்போது அப்பா பின்னால் வந்து, அம்மாவின் முந்தானை நுனியில் தன் கண்ணைத் துடைத்துக்கொள்வார். "தள்ளுங்க, பிள்ளைங்க பாக்குதுங்க" என்று அம்மா கரண்டியை ஓங்குவார். அடி விழுந்ததே இல்லை. இதைச் ‘சரசம்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த அத்தை, "பெரியவங்களைப் பத்தி இப்படியா எழுதுவே?" என்று முகம் சுளித்துவிட்டார்.

சரசம் வடசொல், சுவையுள்ளது என்பதுதான் வேர்ப்பொருள். நயமான விலையைச் ‘சரசமான விலை’ என்று கடைத்தெருவில்கூடச் சொல்வார்களே, அதில் என்ன விரசம்? ஆனால் காதில் விழும்போது கொச்சையாகத்தான் படுகிறது போலிருக்கிறது.

சல்லாபம் இன்னும் மோசம். சில்மிஷம் என்றால் இப்போது பேருந்தில் செய்கிற அசிங்கம்தான் நினைவுக்கு வருகிறது. ஊடல் எனக்கு மிகவும் பிடித்த சொல். திருக்குறளின் கடைசி 3 அதிகாரங்களும் அதைப் பற்றியவைதானே? ஆனால் ஊடலுக்குப் பொய்க்கோபமாவது வேண்டும். அப்பாவிடம் அதுகூட இல்லை.

கொஞ்சல், குலாவல் இரண்டில் எது பொருந்தும்? உங்கள் ஊரில் வயதான தம்பதியின் இந்த விளையாட்டுக்கு என்ன சொல் புழங்குகிறது? வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.