“பரவாயில்ல டாக்டர்” என்று சொல்லிச் சொல்லியே ஓட்டிய வருடங்கள்

முதுகெலும்பன்:

எனக்கு ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், அதாவது முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி வந்து போகப் போக இறுகிப்போகும் நோய். 28 வயதில் தெரிய வந்தது, இப்போது 36. ஒவ்வொரு முறையும் டாக்டர் “எப்படி இருக்கு?” என்பார், நான் “பரவாயில்ல டாக்டர்” என்பேன், அதே மாத்திரையை எழுதிக் கொடுப்பார், கிளம்பிவிடுவேன். பொய் சொல்லவில்லை. காலையில் ஒருக்களித்துப் படுத்து, கட்டில் சட்டத்தைப் பிடித்து, ஒரு காலைக் கீழே விட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு எழுவது பழகிப்போயிருந்தது. ஸ்கூட்டரில் போகும்போது கழுத்து திரும்பாது, பின்னால் வருவதெல்லாம் கண்ணாடியில்தான். இதையெல்லாம் நோயின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

வேலை மாறி ஊர் மாறியதில் புது ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு வாத நோய் டாக்டர்). அவர் எப்படி இருக்கு என்று கேட்கவே இல்லை, ஒரு தாளை நீட்டினார். போன வாரத்தைப் பற்றி ஆறு கேள்வி: அசதி, முதுகு கழுத்து இடுப்பு வலி, மற்ற மூட்டுகளில் வலி வீக்கம், தொட்டால் வலிக்கும் இடங்கள், காலை இறுக்கம் எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம். எல்லாவற்றுக்கும் 0 முதல் 10 வரை. இதுதான் பாஸ்டாய், நோய் எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று அளக்கும் மதிப்பெண், இங்கிலாந்தின் பாத் நகரத்தில் உருவாகி 1994-ல் வந்தது. சராசரி 4 அல்லது அதற்கு மேல் என்றால் நோய் அடங்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். கடைசிக் கேள்விக்கு நான் 2 போட்டேன். பக்கத்தில் இருந்த மனைவி, “குளிக்கப் போகவே ஒரு மணி நேரம் ஆகுதே, எதுக்கு இப்படி எழுதறீங்க” என்றாள். ஒரு மணி நேரம் என்றால் 5. அடித்துத் திருத்தினேன், கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

அப்புறம் முதுகில் பேனாவால் இரண்டு கோடு, நடுவில் சரியாக 10 செ.மீ. குனியச் சொல்லி மறுபடி டேப் வைத்தார். நல்ல முதுகு 5 செ.மீ. போல நீளுமாம், எனக்கு இரண்டரை.

இன்னொரு மதிப்பெண் ஆஸ்டாஸ். பாஸ்டாயிலிருந்து மூன்று கேள்வி, மொத்தத்தில் நோய் எப்படி என்று ஒரு கேள்வி, கூடவே உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனை. 1.3-க்குக் கீழே வந்தால் அடங்கிய நிலை, 2.1-க்குக் கீழே குறைவு, 3.5 வரை அதிகம், அதற்கும் மேலே மிக அதிகம். நான் வீட்டில் போனிலேயே கணக்குப் போட்டு 2.5 என்று கொண்டுபோனேன், அவர் போட்டது 3.6. எங்கே இடித்தது தெரியுமா? லேப் தாளில் சிஆர்பி 1.8, ஆனால் அது டெசிலிட்டர் (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) கணக்கு. கால்குலேட்டர் கேட்டது லிட்டர் கணக்கு, அதில் 18 போட வேண்டும். லேப்புக்கு லேப் அலகு மாறும், தயவுசெய்து எண்ணுக்குப் பக்கத்தில் உள்ளதையும் படியுங்கள்.

இரண்டு வகை வலி மாத்திரை ஏற்கனவே பார்த்தாகிவிட்டதால், நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை முடித்து அழற்சியை அடக்கும் ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தார். இலக்கு 1.3-க்குக் கீழே, முடியாவிட்டால் 2.1-க்குக் கீழே என்று ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டார். மூன்று மாதத்தில் 1.8. இந்தக் கணக்கில் 1.1 இறங்கினாலே மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம். இப்போது 0.9. முதுகு நீளுவது மட்டும் அதே இரண்டரைதான், இறுகிப்போன இடம் திரும்ப வராது போல. உங்கள் எண்கள் என்ன சொல்கின்றன?

கோவைக்காரி:

அண்ணா, எனக்கு நேர் எதிர். சிஆர்பி எப்போதும் நார்மல், அதனாலேயே நான்கு வருடம் “பிரசவத்துக்கு அப்புறம் வர்ற இடுப்பு வலிதாம்மா” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் முதுகெலும்பின் அடியில் இடுப்பெலும்போடு சேரும் மூட்டு இரண்டிலும் அழற்சி தெரிந்தது. ஊசி போட்டு அது நன்றாகவே அடங்கியது. ஆனால் என் பாஸ்டாய் 5-ஐ விட்டு இறங்கவில்லை. ஊசியை மாற்றிவிடுங்கள் என்று நானே அடம்பிடித்தேன். டாக்டர் மறுபடி எம்ஆர்ஐ பார்த்து, அழற்சி இல்லை, மிச்ச வலி ஃபைப்ரோமயால்ஜியா (அழற்சி இல்லாமலே உடம்பெல்லாம் வலியும் அசதியும் தரும் நோய்), அதற்கு ஊசி எத்தனை மாற்றினாலும் பயனில்லை என்றார். அசதி, தொட்டால் வலி என்று கேட்டால் அந்த நோய்க்காரிக்கும் 7, 8 தானே விழும்! அதனால் இலக்கைத் தொடவில்லை என்றதும் மருந்தை மாற்ற ஓடாதீர்கள். எனக்கு உதவியது தூக்கமும் தினமும் நாற்பது நிமிட நடையும்.

பழைய நோயாளி:

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதம் தொடர்ந்து ஆஸ்டாஸ் 1.3-க்குக் கீழே இருந்தது, நோய் போய்விட்டது என்று ஊசியை நானே நிறுத்தினேன், பணமும் ஒரு காரணம். நான்காம் மாதம் பாத்ரூமில் சோப்பு கீழே விழுந்தது, குனிந்து எடுக்க முடியாமல் மகனைக் கூப்பிட்டேன். டாக்டரிடம் திட்டு வாங்கினேன், அப்போதுதான் அவர் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2020-ல் வந்தது, வேறு ஊசிதான், ஆனால் அதே குடும்பம். அடங்கிய நிலைக்கு வந்தவர்களில் முழு அளவு தொடர்ந்தவர்களில் 84 சதவீதம் பேருக்கும், பாதியாகக் குறைத்தவர்களில் 79 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பவில்லையாம். அடியோடு நிறுத்தியவர்களில் 20 சதவீதம் பேர்தான் தப்பித்தார்கள். இப்போது அவர் சொல்லியே ஊசியை மூன்று வாரத்துக்கு ஒன்றாகத் தள்ளியிருக்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிறோம்.

இன்னொன்று, போன ஐப்பசியில் மதிப்பெண் 1.0, முதுகு ஜம்மென்று இருந்தது, திடீரென்று வலது கண் சிவந்து வெளிச்சம் பட்டாலே கூசியது. யூவியைட்டிஸ், இந்த நோயோடு வரக்கூடிய கண் அழற்சி. அந்தக் கேள்வித் தாளில் கண்ணைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. கண் சிவந்தால் மருந்துக் கடை சொட்டு மருந்தோடு நிற்காமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.

முதுகெலும்பன்:

கண் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, நன்றி அண்ணா. நானும் ஊசியைத் தள்ளிப் போடலாமா என்று அடுத்த வாரம் கேட்கத்தான் இருந்தேன், கேட்கிறேன், ஆனால் நானாக எதுவும் செய்ய மாட்டேன். சமையலறைக் காலண்டரில் ஞாயிறுதோறும் ஆறு எண்ணும் எழுதி வைக்கிறோம். நீல மசியில் நான் எழுதுவது, சிவப்பில் மனைவி திருத்துவது.