சிறுநீர்ப்பை ஃபைப்ரோசிஸ்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

மடற்குழுவினருக்கு வணக்கம்.

கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட பெண்களுக்காக நாலு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'சிறுநீர்ப்பை ஃபைப்ரோசிஸ்' என்ற இடத்தில் இரண்டு நாளாக நிற்கிறேன். அதற்கொரு பெயரும் வேண்டும், 'காரணம்' என்ற தலைப்பின்கீழ் இரண்டு வரி விளக்கமும் வேண்டும். கையிலிருக்கும் கலைச்சொல் பட்டியலில் 'நார்த்திசுப் பெருக்கம்' என்றிருக்கிறது. அதைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நார்ச்சத்து கூடிப்போச்சா? அப்போ கீரையை நிறுத்தணுமா?" என்றார்.
— ம.

அன்புள்ள ம.,
சொல் இருக்கும்போது ஏன் தேடுகிறீர்கள்? 'வடு'. பை வடு, வடுப்பை, எப்படியும் சேரும். "தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு." ஆறிப்போவது புண், ஆறாது கிடப்பது வடு என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டுகிறார். உங்கள் நோயும் ஆறாத வகைதானே?
— புலவர்

புலவர் ஐயா, வடுப்பை என்றால் எங்கள் வீட்டில் மாவடு வாங்கப் போகும் பை.

நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு பெயர் வைப்போம். கதிரால் பைச்சுவரின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் உட்படலம் கெடுகிறது. குழாய் குறுகுகிறது, இரத்தம் போதாத தசை நலிகிறது, அந்த இடத்தைக் கொலாஜன் என்ற நார்ப்புரதம் பிடித்துக்கொள்கிறது. சிலருக்குச் சில மாதத்தில் தெரியும், சிலருக்குப் பத்து வருடம் கழித்து. 400, 500 மி.லி. பிடித்த பை 100கூடப் பிடிக்காமல் போகலாம். பலூன் மாதிரி இருந்தது தோல்பை மாதிரி ஆகிவிடுகிறது.

கதிர் மட்டும் காரணமில்லை. புராஸ்டேட் வீங்கி வருடக்கணக்கில் வழியடைத்தாலும், தண்டுவடம் அடிபட்டு நரம்புக் கட்டுப்பாடு போனாலும், காசநோய் பையில் இறங்கினாலும் இதே கதைதான். எகிப்தில் வேறு வழி: 1851இல் கெய்ரோவில் பில்ஹார்ஸ் என்ற மருத்துவர் கண்டுபிடித்த புழுவின் முட்டைகள் பைச்சுவரில் தங்கிவிடும். கெட்டமைன் என்ற மயக்க மருந்தைப் போதைக்கு எடுத்த இளைஞர்களின் பை சுருங்கியதாக 2007இல் கனடாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் எழுதினார்கள். ஆகவே சொல்லில் 'சுட்ட' வாசனை வேண்டாம்.
— டாக்டர்

அப்படியானால் 'காழ்ப்பு'. காழ் என்றால் மரத்தின் வயிரம். "களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து", குறள் 879. இளசாக இருந்தது முற்றி இறுகுவது. இதைவிடப் பொருத்தம் எங்கே? பைக்காழ்ப்பு!
— புலவர்

"உங்கள் பைக்குக் காழ்ப்பு" என்றால் யார் மேல் என்று கேட்பார்கள், ஐயா.

காசநோயில் சுருங்கும் பைக்கு ஆங்கிலத்தில் தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தானைத்தான் உவமை சொல்கிறார்கள். அப்படி ஓர் உவமை நமக்கும் கிடைக்காதா? குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை?
— ம.

அங்குஸ்தானே 'அங்கை'யில் பிறந்த சொல். நாலு சான்று தருகிறேன்...
— புலவர்

(அந்த நாலு சான்றும் பதினொரு மடலாக வந்தன. பாரசீகத்தில் 'அங்குஷ்த்' விரல் என்று டாக்டர் சொன்னதை அவர் ஏற்கவில்லை.)

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்கட ஊரில சிறுநீரைச் 'சலம்' எண்டால்தான் ஆச்சிமாருக்கு விளங்கும். பள்ளியில 'இழையம்' படிச்ச பிள்ளைக்குத் 'திசு' எண்டால் என்ன தெரியும்? அதுவும் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில எழுதினதுதானே. தனித்தமிழ் பேசுற ஆக்கள் அதை மட்டும் ஏன் விட்டினம்?
— சி.

வார்டில் இருபது வருடம் இருந்தவள் சொல்கிறேன். 'வடு' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'தழும்பு' எல்லாருக்கும் தெரியும், சிசேரியன் தழும்பைத் தொட்டுக் காட்டாத பெண் உண்டா? "அதே மாதிரி உள்ளே பையிலயும் தழும்பு ஏறிடுச்சும்மா, அதான் விரியமாட்டேங்குது, கால் மணிக்கொரு தரம் ஓட வேண்டியிருக்கு" என்றால் போதும். மறு கேள்வி வராது.
— ந.

அந்தக் 'காரணம்' இரண்டு வரியும் வந்துவிட்டதே! "தழும்பேறிச் சுருங்கிய சிறுநீர்ப்பை" என்று போடுகிறேன். பெயர்ச்சொல் கேட்டால் 'பைத் தழும்பேற்றம்'. டாக்டர், ந., இன்னும் மூவர் சரி என்றிருக்கிறார்கள். மற்றவர்கள் தூங்கிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.
— ம.

எங்கட பதிப்பு ஒண்டு வந்தால் 'சலப்பை' எண்டு மாத்துவம்.
— சி.

தழும்பேற்றத்துக்கு அரை மனத்தோடு ஒப்புகிறேன். திசுவுக்கு ஒப்பவில்லை. 'இழையம்' பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன், அங்கே வாருங்கள்.
— புலவர்