தெருநாயைப் பிடிச்ச இடத்துலயே திருப்பி விடோணும்னா, அது எங்க ஆட்டுப்பட்டிதானுங்க

கொறங்காட்டான், காங்கேயம் பக்கம்:
போன வாரம் வெடியால நாலு மணிக்கு பட்டிக்குப் போனனுங்க. கிளுவை வேலிக்குள்ள ஒம்பது செம்மறி கெடக்குது. ரெண்டு சினையாடு. ஒண்ணுக்கு மடியையே காணம், உசுரு மட்டும் இருந்துது. அது தலையை என் மடியில வெச்சுத் தண்ணி காட்டினேன், குடிக்கலை. கொஞ்ச நேரத்துல அடங்கிப்போச்சு. தெருநாய்க ஒண்ணக்கூடத் தின்னலைங்க, கடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சுக.

ஊராட்சியில கேட்டா, "கொல்ல முடியாது, கருத்தடைதான்"ங்கறாங்க. அதையாச்சும் செய்யுங்கன்னா ஆளில்ல, பணமில்ல. 2023-ல வந்த விதிப்படி கருத்தடை செஞ்சு, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடிச்ச இடத்துலயே விடோணுமாம். பிடிச்ச இடம் எங்க பட்டிதானுங்க! கருத்தடை செஞ்ச நாய்க்குப் பல்லு இருக்காதா? காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அக்கட்ட வர்ற காட்டுப்பன்னிய வனத்துறை சுடலாம்னு அரசாங்கம் சொல்லலியா? அதே மாதிரி இதுக்கும் உத்தரவு போடட்டும்.

பீளமேட்டுக்காரி:
அண்ணா, படிக்கவே நெஞ்சு பதறுது. ஆனா சுடச் சொல்றதை என்னால ஏத்துக்க முடியலைங்க. காட்டுப்பன்றி 1972 வனவிலங்குச் சட்டத்துல வருது, அது வனத்துறை பொறுப்பு. தெருநாய் 1960 விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துல வருது, பொறுப்பு உள்ளாட்சிக்கு. அதுவும் போக, சென்னை மாநகராட்சி பல காலம் நாயைக் கொன்னு பார்த்துட்டு, குறையலைன்னுதான் 1996-ல கருத்தடைக்கு மாறுச்சு. இருக்கறதைக் கொன்னா, அந்த எடத்துக்குப் பக்கத்து ஊர் நாய் வந்து சேரும். ரெண்டு மாசச் சினைதான், ஈத்துக்கு அஞ்சாறு குட்டி. எத்தனைன்னு சுடுவீங்க?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
அம்மணி, சட்டத்தைச் சொன்னா முழுசாச் சொல்லோணும். அதே 1960 சட்டம் 11-வது பிரிவுல, தெருநாயை நச்சுவாயு அறையில வெச்சுக் கொல்றது வதையில சேராதுன்னு விலக்கே இருக்குது. கருத்தடைதான் வழின்னு வந்தது பின்னால 2001 விதிகள்ல. அதை நீக்கிட்டு அதுக்குப் பதிலா வந்ததுதான் 2023 விதிகள்.

கொல்லச் சொல்லி நான் இதை எழுதலை. கருத்தடை செய்யற அமைப்புக்கு விலங்கு நல வாரியத்தோட அங்கீகாரம் வேணும். கூண்டு, அறுவை அறை, பயிற்சி எடுத்த டாக்டர், பிடிக்கற ஆள், வண்டி எல்லாம் வேணும். கோயமுத்தூர் மாநகராட்சியால முடியும். கோமாரி ஊசி, சினை ஊசி, பிரேதப் பரிசோதனைன்னு பல ஊருக்கு ஒரே டாக்டர் ஓடற எடத்துல, ஊராட்சி எங்கிருந்து செய்யும்? பகுதியில நூத்துக்கு எழுவது நாய்க்காவது செஞ்சாத்தான் பலன் தெரியும். பத்து நாய்க்குச் செஞ்சு போட்டோ எடுத்தா ஒண்ணும் ஆகாது. ஒன்றியத்துக்கு ஒரு கருத்தடை மையம் கேட்டுப் போராடுங்க, நானும் வர்றேன்.

இன்னொண்ணு, கசப்பாத்தான் இருக்கும். நம்ம தோட்டத்து நாய்க்கு நாமளே கருத்தடை செய்யறதில்லை. பொட்டைக் குட்டியா இருந்தா சாக்குல போட்டு ரோட்டோரம் விட்டுட்டு வந்துர்றோம். கொறங்காட்டுல, அதான் நம்ம மேய்ச்சக்காட்டுல, சுத்தற கூட்டத்துல பாதி நம்ம வீட்டு வாரிசுக.

பல்லடத்தான்:
நாய் எதைத் தின்னு பெருகுதுன்னு யாருமே பேசலையே. நானும் கறிக்கோழிப் பண்ணைக்காரன்தான். செத்த கோழியக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடோணும். சில பேரு ராத்திரியில மூட்டையாக் கொண்டுபோயி பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்கால் கரையில வீசிட்டுப் போறாங்க. கறிக்கடைக் கழிவும் அங்கதான். தினம் ரத்தமும் எறகும் தின்னு வளர்ற நாய், மூட்டை வராத அன்னைக்கு எங்க போகும்? வீசறவனுக்கு அபராதம் போடுங்க, மொதல்ல அது கொறையும்.

கொறங்காட்டான்:
ஐயா சொன்னதை மறுக்கலைங்க. எங்க வீட்டுலயும் ரெண்டு வருசம் முன்ன ஒரு குட்டிய அப்படி விட்டிருக்கறோம். தப்புத்தான்.

ஆனா மையம் வர்ற வரைக்கும் நான் என்ன பண்றது? நாய் கடிச்சுச் செத்த ஆட்டுக்கு 6,000 ரூபா தர்றதா 2025-ல அறிவிச்சாங்க. என் சினையாட்டுக்கு வியாபாரி 13,000 சொல்லியிருந்தான். அதே வருசம் நவம்பர்ல, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டுல பிடிச்ச நாயத் திருப்பி அங்கயே விடக்கூடாது, காப்பகத்துல வெக்கோணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு நியாயம், பட்டிக்கு ஒரு நியாயமுங்களா?

பீளமேட்டுக்காரி:
இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லைங்க அண்ணா. ஆட்டைக் கொன்னு பழகின கூட்டத்தை அங்கயே விடக்கூடாதுங்கறதை நானும் ஒத்துக்கறேன். ஆனா காப்பகம் கட்டாம பிடிச்சா, ஒரே கூண்டுல அடைச்சு ஒண்ணையொண்ணு கடிச்சுத்தான் சாகும், அதை நான் நேர்ல பாத்திருக்கறேன். சுடறதுக்கு இப்பவும் சம்மதிக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை வலை, கூண்டோட நாலு பேர் வர்றோம். எத்தனை நாய், எங்க படுக்குதுன்னு மட்டும் பாத்து வெய்யுங்க.

கொறங்காட்டான்:
பதினொண்ணுங்க. அதுல செவலைப் பொட்டை ஒண்ணு வாய்க்கால் பாலத்தடியில குட்டி போட்டிருக்குது. இன்னைக்குப் பொழுதோடயும் வேலியோரம் வந்து நின்னுது, மடி தொங்கத் தொங்க. தாட்டிவிட்டேன். கட்டிலைப் பட்டிக்குள்ளயே போட்டுட்டனுங்க. வாங்க, பாக்கலாம்.