விடச் சொன்ன பந்தையும் அடிக்கும் பேஸ்பால் பேட்டர்கள்: பார்த்தவை, பழக்கியவை

இளையோர் அணிப் பயிற்சியாளர்:

கண்ட பந்துக்கெல்லாம் மட்டையை வீசும் பையனிடம் "பொறுமை, பொறுமை" என்று கத்திப் பிரயோஜனமே இல்லை. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து, பிட்ச்சர் (பந்து வீசுபவர்) கையை விட்டு பிளேட்டுக்கு (பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்த தட்டு) வர ஏறக்குறைய 0.4 வினாடி. மட்டையைச் சுழற்றவே அதில் 0.15 வினாடி போய்விடும். மிச்சம் கால் வினாடி. "முதலில் பார், அப்புறம் யோசி" என்று பழக்கினால் நல்ல பந்துக்கும் மட்டை தாமதமாகத்தான் வரும்.

எல்லாப் பந்தையும் அடிக்கப்போகிறவனாகவே கிளம்பட்டும். மனசுக்குள் "அடி, அடி", கடைசி நொடியில் மட்டும் "விடு". முன்கால் ஊன்றும்போது கைகள் இன்னும் பின்தோள் அருகிலேயே இருக்க வேண்டும். காலோடு கையும் சேர்ந்து முன்னே வந்துவிட்டால் பிறகு நிறுத்தவே முடியாது. பாதியில் இழுத்துப் பிடித்தாலும், கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) கைகாட்ட, பேஸ் அம்பயர் அதை ஸ்ட்ரைக் என்று சொல்லிவிடலாம். மட்டை வீசித் தவறினாலும், எல்லைக்குள் வந்த பந்தை விட்டாலும் ஸ்ட்ரைக்; எல்லைக்கு வெளியே போகும் பந்தை விட்டால் பால்.

இதற்குச் செலவில்லாத பயிற்சி ஒன்று உண்டு. புல்பென்னில் (பிட்ச்சர்கள் பழகும் இடம்) பிட்ச்சர் வீசிப் பழகும்போது ஹெல்மெட்டோடு பேட்டரையும் நிறுத்துங்கள். 15, 20 பந்து போதும். மட்டையை வீசக் கூடாது, ஆனால் காலை ஊன்ற வேண்டும். பந்து கேட்சரின் கையுறையில் விழுவதற்கு முன்பே "பால்" அல்லது "ஸ்ட்ரைக்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று கேட்சர் உடனே சொல்லிவிடுவார். தலை அசைகிறவனுக்கு வெளியே வளைந்து போகும் ஸ்லைடர் எப்போதும் ஸ்ட்ரைக்காகத்தான் தெரியும். முன்தோள் சீக்கிரம் திறந்துகொள்வதுதான் அதற்குக் காரணம்.

பேட்டிங் கூண்டில் சொல்லிக்கொடுப்பவர்:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிளேட்டின் அகலம் 17 அங்குலம். முதல் பந்திலேயே அத்தனையையும் காக்கச் சொல்லாதீர்கள். உள்பாதி, வெளிப்பாதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். 2-0, 3-1 (முதல் எண் பால், அடுத்தது ஸ்ட்ரைக்) என்று பேட்டர் கை ஓங்கியிருக்கும்போது வட்டம் இன்னும் சுருங்கலாம். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்துவிட்டால்தான் முழு அகலமும், விளிம்பில் வருவதும் கணக்கில் வரும்.

கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை நாள் முழுக்க விடலாம். இங்கே விட்ட பந்தும் ஸ்ட்ரைக் ஆகும், மூன்று விழுந்தால் அவுட். வாக் (நான்கு பால் விழுந்து அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) வாங்கினால் மட்டும் பாராட்டும் பயிற்சியாளரிடம் பையன்கள் மூன்றாவது ஸ்ட்ரைக்கை நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஸ்கோர் புத்தகத்தில் திருப்பிப்போட்ட 'K' எழுத்து (மூன்றாவது ஸ்ட்ரைக்கை அடிக்காமல் விட்டு அவுட் ஆனதன் குறி) கூடிக்கொண்டே போனால், பயத்தைத்தான் பொறுமை என்று பழக்கியிருக்கிறோம்.

ஸ்கோர் எழுதுபவர்:

கண்ட பந்தையெல்லாம் அடித்தே பேர் வாங்கிய மேஜர் லீக் வீரர் விளாடிமிர் குவெரெரோவை மறந்துவிடக் கூடாது. 2009-இல் பால்டிமோரில், மண்ணில் குத்தி எழும்பி வந்த பந்தை எட்டி அடித்து ஹிட் ஆக்கினார். 16 சீசன்களில் ஒன்றில்கூட அவர் 100 முறை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்) ஆனதில்லை, அடிக்கும் சராசரி .318. 'வாக் வாங்கித் தீவை விட்டுப் போக முடியாது', அதாவது அடித்துக் காட்டினால்தான் வெளியே வாய்ப்பு, என்று சொல்லும் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவர். யோகி பெர்ராவும் அந்த வகைதான்: 1950-இல் 597 அட்-பேட் (கணக்கில் வரும் பேட்டிங் முறைகள்), ஸ்ட்ரைக் அவுட் வெறும் 12. இவர்களைப் போன்றவர்களை மாற்றப் போனால் கெடுத்துவிடுவோம். அளவுகோல் எளிது: வெளியே போகும் பந்தை அடிக்கிறானா என்பதல்ல, அடித்தால் மட்டையில் படுகிறதா என்பதுதான்.

3-0-இல் "விடு" என்று சைகை வருவது வேறு விஷயம். 2020 ஆகஸ்டில் பாட்ரேஸ் அணி 10-3 என்று முன்னிலையில் இருக்க, எட்டாவது இன்னிங்ஸில் அதன் வீரர் டாட்டிஸ் ஜூனியர் அந்தச் சைகையைத் தவறவிட்டு கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்க ஹோம் ரன்) அடித்தார். 2021 மே மாதம் ஒயிட் சாக்ஸ் அணி 15-4 என்று முன்னிலையில் இருந்தபோது, முறையான பிட்ச்சரே அல்லாத ஒருவர் 47 மைல் வேகத்தில் 3-0-இல் போட்ட பந்தை அந்த அணியின் மெர்செடெஸ் ஹோம் ரன் ஆக்கினார். அவருடைய மேலாளர் லா ரூசாவே வெளிப்படையாகக் கோபப்பட்டார். இரண்டிலும் பேட்டரின் கண் சரியாகத்தான் வேலை செய்தது. அங்கே கேள்வி, பெரிய முன்னிலையில் இருக்கும்போது மேலும் அடிக்கலாமா என்ற ஆட்ட மரியாதை பற்றியது, பந்தைத் தேர்ந்தெடுப்பது பற்றியதல்ல.

இளையோர் அணிப் பயிற்சியாளர்:

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 14 வயதுப் பையனுக்கு 3-0-இல் அடிக்க அனுமதி கொடுப்பதென்றால் ஒரே உயரம், ஒரே பாதி, வேகப்பந்து மட்டும் என்று களத்தில் இறங்கும் முன்பே பேசிவிடுங்கள். சைகை வரும்போது புரிந்ததற்கு அடையாளமாக ஹெல்மெட்டைத் தொடச் சொல்லுங்கள். தொடாவிட்டால் மூன்றாம் பேஸ் பயிற்சியாளர் மறுபடி காட்ட வேண்டும்.