எந்த அடி வரை நியாயம்? நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

தொடங்கியவர்:

வன்முறையை எந்நிலையிலும் ஏற்க முடியாது என்பவர்களும், வேறு வழி இல்லையென்றால் தவறில்லை என்பவர்களும் வேண்டிய அளவுக்கு வாதிட்டாயிற்று. கொள்கையைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, நேரில் கண்டதையோ தொழிலில் செய்ய நேர்ந்ததையோ எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இரவு ரயிலில் ஒருவன் தன் மனைவியின் கழுத்தைப் பிடித்துக் கதவோரச் சுவரில் அழுத்திக்கொண்டிருந்தான். பெட்டியில் இருந்த அனைவரும் சத்தம் போட்டோமே தவிர, யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் எழுந்துபோய் அவனுடைய மணிக்கட்டை முறுக்கிப் பிடியை விடுவித்தார். அவன் மீண்டும் பாய்ந்தபோது மார்பில் கைவைத்து ஓங்கித் தள்ளினார். அவன் தலை இருக்கையின் விளிம்பில் மோதி ரத்தம் வந்தது. அத்துடன் அவர் நிறுத்திக்கொண்டு இருவருக்கும் நடுவே நின்றுவிட்டார். அதுவரை அசையாதிருந்த நான்கைந்து பேருக்கு அப்போதுதான் வீரம் பொத்துக்கொண்டு வந்தது. கீழே கிடந்தவனை மிதிக்கத் தொடங்கினார்கள். அவனைத் தள்ளிவிட்ட அதே மனிதர்தான் குனிந்து, தன் முதுகில் இரண்டு உதை வாங்கிக்கொண்டு, அவனை அவர்களிடமிருந்து காப்பாற்றினார்.

"அந்த வன்முறை நியாயமா" என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. முறுக்கியது, தள்ளியது, மிதித்தது என்று தனித்தனியாகக் கேட்டால் சொல்ல முடியும்.

தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்:

எங்கள் பணியில் இந்தக் கேள்வி சண்டை வடிவில் வருவதில்லை. உத்தரவுப் படிவத்தின் வடிவில் வருகிறது. செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்தப்பட்டு, சன்னி கண்டு, தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் அந்தக் குழாயைப் பிடுங்க முயலும் நோயாளியின் கைகளைக் கட்டிலோடு கட்ட வேண்டிய கட்டாயம் சில நேரங்களில் நேர்கிறது. சம்மதமில்லாத ஒரு மனிதரை மூன்று பேர் சேர்ந்து அமுக்கிக் கட்டுவதற்கு வன்முறை என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் அதற்கு இத்தனை நிபந்தனைகள் இருக்கின்றன. முதலில் வலியோ மூச்சுத் திணறலோ காரணமா என்று பார்க்க வேண்டும். உறவினர் ஒருவரை அருகில் அமர்த்திப் பேசவைக்க வேண்டும். விரல்களை மூடும் மெத்தென்ற கையுறையை முயன்றுபார்க்க வேண்டும். இவை எதுவும் பலிக்காதபோதுதான் பட்டையை எடுக்கிறோம். பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். கட்டிலின் பக்கத் தடுப்பில் கட்டக் கூடாது, ஏனென்றால் யாராவது தடுப்பை இறக்கினால் கையும் சேர்ந்து இழுபடும். விரல் நுனியின் நிறத்தையும் சூட்டையும் திரும்பத் திரும்பப் பார்த்து, ஏன் கட்டினோம், எப்போது அவிழ்க்கப் போகிறோம் என்பதை எழுதிவைக்கிறோம்.

இத்தனையும் முறையாகச் செய்யப்பட்ட ஒருவர் உடல் தேறிய பிறகு என்னிடம், தன்னை யாரோ கடத்திவந்து கட்டிப்போட்டிருப்பதாகவே அந்த நாட்கள் முழுவதும் நம்பிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கடத்தியவர்களில் ஒருத்தியாக அவர் நினைவில் இருந்தது என் முகம். அவரை மறுபடியும் அதே நிலையில் கொண்டுவந்தால் மறுபடியும் கட்டுவேன். ஆனால் நாங்கள் செய்தது சரி என்பதால் அவர் பட்டது இல்லை என்றாகிவிடாது.

குற்றவியல் வழக்கறிஞர்:

ரயில் நிகழ்ச்சியைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது சட்டம் பார்க்கும் முறைதான். தற்காப்பை ஏற்கும் சட்டங்கள் பொதுவாக இரண்டு கேள்விகளைக் கேட்கின்றன: ஆபத்து அந்த நொடியில் நீடித்ததா, பயன்படுத்திய பலம் தேவையான அளவில் நின்றதா. விழுந்துகிடப்பவனை மிதித்தவர்கள் இரண்டிலும் தோற்றுவிடுவார்கள்.

என்னை வெகுகாலமாகத் தூங்கவிடாத வழக்கு வேறொன்று. 2002ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் பணத்துக்காகக் கடத்தப்பட்டான். பிணைப்பணத்தை எடுத்தவன் பிடிபட்டான். சிறுவன் இருக்கும் இடத்தை மட்டும் சொல்ல மறுத்தான். நகரக் காவல்துறையின் துணைத் தலைவர் வொல்ஃப்காங் டாஷ்னர், சொல்லாவிட்டால் கடுமையான வலிக்கு ஆளாக நேரிடும் என்று அவனை மிரட்டும்படி ஓர் அதிகாரிக்கு உத்தரவிட்டார். சில நிமிடங்களில் அவன் இடத்தைச் சொல்லிவிட்டான். ஆனால் சிறுவன் கடத்தப்பட்ட நாளிலேயே கொல்லப்பட்டிருந்தான். சித்திரவதை பலன் தரும் என்பதற்கு இந்த வழக்கைச் சான்றாகக் காட்டுபவர்கள் இந்த இடத்தை ஏனோ வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். தான் இட்ட உத்தரவை டாஷ்னர் மறைக்கவில்லை; தானே கோப்பில் எழுதிவைத்தார். 2004ஆம் ஆண்டு இறுதியில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. ஆனால் அபராதத்தைக்கூட உடனே கட்டச் சொல்லாமல் நிறுத்திவைத்து, எச்சரிக்கையோடு விட்டுவிட்டது. இது இரண்டுங்கெட்டான் தீர்ப்பு என்று என் சக வழக்கறிஞர்கள் பலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு குழந்தையின் உயிருக்காகப் பதறிய மனிதரைப் புரிந்துகொள்வதும், அந்த மிரட்டலை அடுத்த அதிகாரிக்கு உரிமையாக்கிக் கொடுக்காமல் இருப்பதும் ஒரே தீர்ப்பில் இயலும் என்று அந்த நீதிமன்றம் காட்டியது.

வரலாற்று ஆசிரியர்:

வகுப்பில் கொடுங்கோலனைக் கொல்லலாமா என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் தயங்காமல் கைதூக்குகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இரண்டு நிகழ்ச்சிகள். 1905 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஜார் மன்னரின் சிற்றப்பாவான செர்கேயைக் கொல்லக் குண்டோடு காத்திருந்த புரட்சியாளர் இவான் கல்யாயெவ், வண்டிக்குள் செர்கேயின் மனைவியும் தம்பியின் இரண்டு பிள்ளைகளும் இருப்பதைக் கண்டு கையை இறக்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, செர்கேய் தனியாக வந்தபோது குண்டை வீசினார். பிடிபட்டபின் மன்னிப்புக் கேட்க மறுத்துத் தூக்குமேடை ஏறினார். மாணவர்களுக்கு இவரை மிகவும் பிடித்துப்போகும். வண்டியை ஓட்டிவந்தவரும் அந்தக் குண்டினால் இறந்தார் என்று சொல்லும்போதுதான் வகுப்பில் சலசலப்பு எழும். செர்கேய் "தனியாக" வந்தார் என்று நான் சொன்னபோது, வண்டியோட்டியை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

1944 ஜூலை 20 அன்று ஹிட்லரின் கூட்ட அறையில் ஜெர்மன் ராணுவ அதிகாரி ஷ்டாஃபென்பெர்க் வைத்த குண்டில் ஹிட்லர் தப்பினார். இறந்த நான்கு பேரில் ஒருவர் சுருக்கெழுத்தாளர். அந்த முயற்சி நியாயமானது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. போரும் படுகொலையும் ஒரு நாள் முன்னதாக நின்றிருந்தால்கூடக் காப்பாற்றப்பட்டிருக்கக்கூடிய உயிர்கள் ஏராளம். அப்படிச் சொல்லும்போதே சுருக்கெழுத்தாளரையும் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டுமே என் பிடிவாதம்.

அடி வாங்கியவர்:

இதுவரை எழுதிய அனைவரும் கை ஓங்கியவரின் பக்கத்திலோ, பார்வையாளர் பக்கத்திலோ நிற்கிறீர்கள். நான் படித்த விடுதியின் காப்பாளர் எங்கள் நன்மைக்காகவே எங்களை அடித்தார். இடுப்புவாரைக் கழற்றி, கொக்கி எங்கள் மேல் படாதபடி உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, நிதானமாக அடிப்பார். அந்தக் கவனத்தைக் கருணை என்று அவர் உண்மையாகவே நம்பினார். செவிலியர் அம்மா கட்டும்போதே அவிழ்க்கும் நேரத்தை யோசிக்கிறார். எங்கள் காப்பாளருக்கு அப்படி யோசிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை, ஏனென்றால் அவரைக் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. நியாயம் என்று தீர்மானிக்கப்பட்ட வன்முறையில், அதை வாங்கியவர் வாய்திறக்க ஓர் இடம் இருந்ததா என்று வழக்கறிஞர் ஐயா சொல்ல வேண்டும்.

குற்றவியல் வழக்கறிஞர்:

நான் சொன்ன வழக்கில் இருந்தது. ஆயுள் தண்டனை பெற்ற அந்தக் கொலைகாரனே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனான். அவனை மிரட்டிய விதம் மனிதத்தன்மையற்றது என்று 2010ஆம் ஆண்டு அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது; மறு ஆண்டு ஃபிராங்ஃபர்ட் நீதிமன்றம் ஒன்று அவனுக்கு 3,000 யூரோ இழப்பீடு வழங்கச் சொன்னது. மகனை இழந்த பெற்றோரை நினைத்துப் பலர் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கொதிப்பில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் பணத்தை அவனுக்குக் கொடுத்துத்தான் தீர வேண்டுமா என்று கேட்டால், ஆம் என்பேன். மனம் ஒப்பாமல்தான் சொல்வேன்.